பிள்ளைக்குக் கிளிப் எந்த வயதில் போடணும்? பல் கடி சரியில்லாத பிள்ளைகளின் பெற்றோருக்கு முழு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் 15 வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். கிளிப் விஷயமாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?". இரண்டாவதாகத்தான் "எப்ப போடலாம்?". இரண்டாவது கேள்வியைச் சில வருஷம் முன்னாலேயே கேட்டிருந்தால் முதல் கேள்விக்கான தொகை பல வீடுகளில் குறைந்திருக்கும்.

தப்பு இரண்டு விதமாகவும் நடக்கிறது. 8 வயதுப் பிள்ளையின் முன்பல் சந்தைப் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து பதறி ஓடி வருவார்கள். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. கீழ்த்தாடை முன்னால் நிற்கிற 8 வயதுப் பிள்ளையை "பல்லு பூரா விழுந்து முளைக்கட்டும்னு ஆச்சி சொல்லுதாவ" என்று வீட்டிலேயே வைத்திருந்து 14 வயதில் கூட்டி வருவார்கள். சுலபமான வழி அதற்குள் அடைபட்டிருக்கும். கோளாறுக்குக் கோளாறு காலம் வேறு என்பதைத்தான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எப்போது போய்ப் பார்ப்பது, எந்த வரிசையில் போவது என்பதை நான் சொல்கிறேன்.

1. கிளம்பும் முன் எழுதி வைக்க வேண்டியவை

ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கம் போதும். எந்தப் பால் பல் எப்போது விழுந்தது, எது தானாக விழுந்தது, எதைச் சொத்தை என்று பிடுங்கினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரையில் எறிவதோடு கதை முடிந்துவிடும். தேதி யாருக்கும் ஞாபகம் இருக்காது. எறியும் முன் ஒரு வரி எழுதி வையுங்கள்.

பிள்ளையின் உயரத்தை 3 மாதத்துக்கு ஒரு முறை கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இது ஏன் என்பது 6-ஆம் பகுதியில் வரும். 10 வயதுக்குப் பிறகு இந்தக் கோடுகளுக்கு ஓர் எக்ஸ்ரே அளவுக்கு மதிப்பு உண்டு.

குடும்பத்தில் யாருக்காவது கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்பா, தாத்தா, அத்தை எல்லாரும் பக்கவாட்டில் நிற்கிற கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். இந்த ஒரு கோளாறு பரம்பரையாக வருவது அதிகம். டாக்டர் கட்டாயம் கேட்பார்.

பிள்ளை ராத்திரி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதா, குறட்டை விடுகிறதா என்று பக்கத்தில் படுக்கிற ஆளிடம் கேளுங்கள். அம்மாவைவிட ஆச்சிக்குத்தான் இது நன்றாகத் தெரிந்திருக்கும். இதயக் கோளாறு, ரத்தம் உறையாத தொந்தரவு, வலிப்பு மாத்திரை ஏதாவது இருந்தால் சீட்டோடு கொண்டு போங்கள். சில வலிப்பு மருந்துகள் ஈற்றை வீங்க வைக்கும்.

2. 7 வயதில் ஒரு முறை காட்டுங்கள்

காட்டுவது வேறு, கிளிப் போடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பாதிப் பேர் வராமலே இருக்கிறார்கள். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கமும் முதல் பரிசோதனையை 7 வயதுக்குள் செய்யச் சொல்கிறது. காரணம் எளிது. அந்த வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் முளைத்திருக்கும், முன்பற்களும் முளைக்கத் தொடங்கியிருக்கும். பின்னால் கடி எப்படி உட்கார்கிறது, முன்னால் எப்படி மூடுகிறது என்று இரண்டையும் பார்க்க முடிகிற முதல் வயது அது.

அந்தக் கடைவாய்ப்பல்லை 'ஆறு வயதுப் பல்' என்று சொல்வோம். எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். அதனால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். சொத்தை விழுந்தால் "எப்படியும் விழப்போற பல்லுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. கடியின் மூலைக்கல் அதுதான்.

யாரிடம் காட்டுவது? முதல் பார்வைக்கு எந்தப் பல் மருத்துவரும் சரி. சிகிச்சை என்று வந்தால் பி.டி.எஸ். முடித்த பிறகு பல் சீரமைப்பில் 3 வருஷம் எம்.டி.எஸ். படித்தவரைக் கேளுங்கள். பலகையில் எம்.டி.எஸ். என்று இருந்தால் மட்டும் போதாது. ஈறு, வேர் சிகிச்சை, பல் கட்டுவது எல்லாவற்றுக்கும் எம்.டி.எஸ். உண்டு. எந்தப் பிரிவு என்று கேட்பதில் தப்பே இல்லை. சிறு ஊர்களில் இந்த நிபுணர் மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வந்து போவார். அந்த நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். செலவு தாங்காது என்றால் பல் மருத்துவக் கல்லூரி ஒரு நல்ல வழி. பேராசிரியர் மேற்பார்வையில் மேல்படிப்பு மாணவர்கள் செய்வார்கள், கட்டணம் குறையும். காத்திருக்கிற நேரம் மட்டும் கூடும்.

3. வீட்டில் கடியைப் பார்க்கும் முறை

காலை வெளிச்சத்தில் பிள்ளையை வாசல்படியில் உட்கார வையுங்கள். "பல்லைக் காட்டு" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் முன்பல் நுனியோடு நுனி வைத்து இளிக்கும். அது கடி இல்லை. "எச்சிலை முழுங்கிட்டு, கடைவாய்ப்பல்லால கடி" என்று சொல்லுங்கள். முழுங்கும்போது தாடை தன் உண்மையான இடத்துக்குப் போகும். இதைச் செய்யாமல் எடுத்த செல்போன் படத்தோடு வந்து, "படத்துல கோணலா இருக்கு, இங்க நேரா இருக்கே" என்று குழம்பியவர்கள் எத்தனையோ பேர்.

கடித்தபடியே இருக்க, இரண்டு ஆள்காட்டி விரலாலும் கன்னத்தை விலக்குங்கள். மூன்று விஷயம் பாருங்கள். மேல் பல்தான் கீழ்ப் பல்லுக்கு வெளியே இருக்கவேண்டும், டப்பாவுக்கு மூடி மாதிரி. எங்காவது ஒரு பல்லாவது உள்ளே போய்க் கீழ்ப் பல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லி, பற்கள் முதலில் தொட்ட பிறகு தாடை ஒரு பக்கமாக வழுக்கிப் போகிறதா என்று பாருங்கள். கடைசியாக, கடித்த நிலையில் கீழ் முன்பல் எவ்வளவு தெரிகிறது? துளியும் தெரியாமல் மேல்பல் முழுக்க மூடினாலும், இரண்டுக்கும் நடுவே நாக்கு நுழைகிற அளவு சந்து இருந்தாலும் காட்ட வேண்டியதுதான்.

மேல்பல் தூக்கலாக இருந்தால் அளந்து பார்க்கலாம். ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்திலிருந்து ஆரம்பிக்காது; முன்னால் சில மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் இருக்கும். அதைக் கூட்டாமல் அளந்து "எம் பிள்ளைக்கு 3 மில்லிமீட்டர்தான்" என்று நிம்மதியாக இருந்த ஒரு அண்ணாச்சி உண்டு. நாங்கள் அளந்தபோது 7. கீழ் முன்பல்லின் வெளிப்பக்கத்தில் ஸ்கேல் முனையை வைத்து, மேல்பல் நுனியின் வெளிப்பக்கம் வரை பாருங்கள். 2, 3 மில்லிமீட்டர் இயல்பு. 6-க்கு மேல் போனால் தள்ளிப் போடாதீர்கள்.

பிறகு நாலு படம் எடுத்து வையுங்கள்: கடித்தபடி நேராக, இடது, வலது, முகம் பக்கவாட்டில். 6 மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும். கோளாறு கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று டாக்டருக்கு இதைவிடச் சுலபமாக யாரும் சொல்ல முடியாது.

4. எந்தக் கோளாறுக்கு எந்தக் காலம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

*கீழ்த்தாடை முன்னால்.* கடிக்கும்போது கீழ் முன்பற்கள் எல்லாம் மேல் பற்களுக்கு வெளியே நிற்கும். எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மேல்தாடை பின்தங்கி நிற்பதும் இதில் சேர்ந்திருக்கும். அந்த மேல்தாடையை முன்னால் இழுக்க முகத்தில் மாட்டுகிற ஃபேஸ்மாஸ்க் என்ற கருவி உண்டு. 7 முதல் 9 வயதில் நன்றாக வேலை செய்யும், 10 தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். எலும்புகளின் இணைப்புகள் இறுக ஆரம்பித்துவிடும், அதனால்தான். தினம் 12 முதல் 14 மணி நேரம் மாட்ட வேண்டும். சாயங்காலம் தொடங்கி விடியும் வரை என்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

இதில் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மேல்தாடை வளர்ச்சி முதலில் நிற்கும். கீழ்த்தாடை பதின்வயதின் கடைசி வரை வளரும். அதனால் 8 வயதில் சரி செய்த பிள்ளைக்கும் 15 வயதில் கொஞ்சம் திரும்பி வரலாம். பரம்பரை அழுத்தமாக இருந்தால் பிற்பாடு அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம். அறுவை என்றால் வளர்ச்சி முழுக்க நின்ற பிறகுதான். பையன்களுக்கு 18 தாண்டி. "அப்பம் முதல்ல எதுக்கு ஃபேஸ்மாஸ்க்?" என்று ஒரு மதினி கேட்டார். நியாயமான கேள்வி. பலருக்கு அறுவை தேவைப்படாமலே போகும், தேவைப்பட்டாலும் சின்னதாக முடியலாம்; நடுவில் பிள்ளை கேலி கேட்காமல் படிப்பை முடிக்கும்.

*ஒரு பல் மட்டும் உள்ளே.* மேல் முன்பல்லில் ஒன்று கீழ்ப் பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது. சின்ன விஷயம்தான், ஆனால் உடனே பார்க்க வேண்டியது. ஒவ்வொரு கடிக்கும் அந்தக் கீழ்ப் பல் முன்னால் தள்ளப்பட்டு ஈறு கீழே இறங்கும். இடம் இருந்தால் ஸ்பிரிங் வைத்த கழற்றி மாட்டும் பிளேட்டிலேயே சில வாரம், சில மாதத்தில் சரியாகும்.

*பக்கவாட்டில் மேல்தாடை குறுகல்.* கடைவாய்ப்பக்கம் மேல்பல் உள்ளே விழுந்து, தாடை ஒரு பக்கமாக வழுக்கும். அப்படியே விட்டால் முகமே ஒரு பக்கம் கோணலாக வளரலாம். அண்ணத்தின் நடுவில் உள்ள எலும்பு இணைப்பு இளசாக இருக்கும்போது விரிப்பது சுலபம். 8 முதல் 12 வயது நல்ல காலம். 15, 16-க்கு மேல் வெறும் கருவியால் விரிப்பது கஷ்டம். கருவிக்கு ஒரு சாவி தருவார்கள். ஒரு திருப்பு என்பது கால் மில்லிமீட்டர். திருப்பத் தொடங்கிச் சில நாளில் முன்பல் இரண்டுக்கும் நடுவே பெரிய சந்து விழும். அதைப் பார்த்து ராத்திரி 10 மணிக்குப் போன் பண்ணாத பெற்றோரே கிடையாது. கருவி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சந்து தானாக மூடும்.

*விரல் சூப்பல்.* நிரந்தர முன்பல் முளைக்கும் முன், அதாவது 5, 6 வயதுக்குள் நிறுத்தினால் முன்கடித் திறப்பு (கடித்தாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று எட்டாமல் சந்து நிற்பது) பெரும்பாலும் தானாகச் சரியாகும். வேப்பெண்ணெய் தடவி, சூடு போடுவேன் என்று மிரட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வருகிறார்கள். மிரட்டினால் பிள்ளை ஒளிந்து சூப்பும். 7 வயதிலும் விடவில்லை என்றால் அண்ணத்தில் கம்பி வைத்த கருவி உண்டு.

*மேல்பல் தூக்கல், கீழ்த்தாடை பின்னால்.* நம் வாசலுக்கு அதிகம் வருவது இந்த வகைதான், வயது அதிகம் குழப்பப்படுவதும் இதில்தான். கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கிற ட்வின் பிளாக் போன்ற கருவிகள், பிள்ளை சட்டென்று வளர்கிற காலத்தில்தான் அதிகம் பலன் தரும். 8 வயதிலேயே ஆரம்பித்தவர்களும் வளர்ச்சி வேகத்தில் ஆரம்பித்தவர்களும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. முன்கூட்டித் தொடங்கினால் சிகிச்சை இரண்டு கட்டமாக நீளும், பிள்ளைக்கும் சலித்துப் போகும். அதனால் பொதுவாகக் காத்திருக்கலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முன்கூட்டிச் செய்வதில் உறுதியாகக் கிடைக்கும் லாபம், முன்பல் அடிபட்டு உடைவது குறைவது. பல் மிகவும் தூக்கல், உதடு மூடாது, பிள்ளை கபடி, சைக்கிள் என்று ஓய்வில்லாமல் ஆடும் என்றால் 8, 9 வயதிலேயே கொஞ்சம் உள்ளே இழுத்து வைப்பது புத்திசாலித்தனம். வகுப்பில் பட்டப்பெயர் வைத்துப் பிள்ளை பள்ளிக்குப் போகவே அழுகிறது என்றாலும் அப்படியே.

*பல் நெரிசல், தெத்துப்பல்.* தாடை அளவு சரி, இடம் மட்டும் பற்றாக்குறை என்றால் அவசரம் இல்லை. நிரந்தரப் பற்கள் வந்த பிறகு, 11 முதல் 14 வயதில் ஒரே கிளிப்பாக முடித்துவிடலாம். "தெத்துப்பல் அதிர்ஷ்டம், எடுக்காதீய" என்கிற வீட்டில் நான் வாதாடுவதில்லை. துலக்க முடியாமல் அங்கே சொத்தை விழாத வரை அதிர்ஷ்டம்தான்.

*சிங்கப்பல் (கூரான கோரைப்பல்) வராமலிருப்பது.* இதை யாரும் கவனிப்பதில்லை. மேல் சிங்கப்பல் 11, 12 வயதில் வரும். ஆனால் 10 வயதிலேயே உதட்டுக்கு உள்ளே, ஈற்றின் மேல்பக்கம் விரல் வைத்துத் தடவினால் இரண்டு பக்கமும் ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் இல்லை என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். பல் அண்ணத்துப் பக்கம் திரும்பியிருந்தால், அந்த வயதில் பால் சிங்கப்பல்லை எடுத்தாலே பல தடவை நிரந்தரப் பல் தன் பாதைக்குத் திரும்பிவிடும். 15 வயதில் கண்டுபிடித்தால் ஈற்றைத் திறந்து, பல்லில் சங்கிலி ஒட்டி இழுக்க வேண்டும். மற்ற பற்களுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு: ஒரு பக்கத்துப் பல் வந்து 6 மாதம் ஆகியும் மறுபக்க ஜோடி வரவில்லை என்றால் காட்டுங்கள்.

*பால் கடைவாய்ப்பல்லைச் சீக்கிரம் இழப்பது.* இதில் சறுக்கியது நானேதான். என் பையனுக்கு 7 வயதில் கீழ் இரண்டாவது பால் கடைவாய்ப்பல்லைச் சொத்தைக்காக எடுத்தோம். இடம் காக்கும் கருவி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பால் பல்தானே, லீவில் வைக்கலாம் என்று இருந்தேன். அந்தப் பல்லுக்குப் பதில் வரும் நிரந்தரப் பல் 11 வயதில்தான் வரும். அதற்குள் ஆறு வயதுப் பல் முன்னால் சாய்ந்து இடத்தை மூடிவிட்டது. இடம் அதிகமாகக் குறைவது முதல் 6 மாதத்தில்தான். தினம் இந்த வேலையைப் பார்க்கிற எனக்கே இப்படி. பிறகு அந்த இடத்தைத் திறக்கவே தனியாக ஒரு வருஷம் கிளிப் போட வேண்டி வந்தது.

5. ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டியவை

7 முதல் 11 வயது வரை மேல் முன்பற்கள் விரிந்து, நடுவில் சந்தோடு, முகத்துக்குப் பெரிசாகத் தெரியும். மேலே இறங்கிக்கொண்டிருக்கிற சிங்கப்பற்கள் வேர்களை அழுத்துவதால் வருவது இது. சிங்கப்பல் இறங்கியதும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். இந்த வயதில் ரப்பர் பேண்டை வாங்கிப் பல்லில் மாட்டி மூடப் பார்க்காதீர்கள். ரப்பர் ஈற்றுக்குள் வழுக்கி ஏறி வேரைச் சுற்றும், பல்லே போய்விடும்.

கீழ் முன்பல் இரட்டை வரிசையாக முளைப்பதும் 6, 7 வயதில் சகஜம். பால் பல் ஆடினால் விடுங்கள். இரண்டு மாதமாகியும் ஆடவே இல்லை என்றால் எடுத்துவிடலாம்.

6. வளர்ச்சி வேகத்தைப் பிடிப்பது

ட்வின் பிளாக் போடுவதாக இருந்தால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு வேகம் உச்சத்தில் இருப்பது சுமாராக 11, 12 வயதில். பையன்களுக்கு 13, 14-ல். ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை இரண்டு வருஷம் முன்பின் ஆகும். அதனால் பிறந்த தேதியை மட்டும் நம்பாமல் கதவு நிலைக் கோடுகளைப் பாருங்கள். 3 மாத இடைவெளி திடீரென்று அகலமானால், ஜூனில் தைத்த யூனிபார்ம் பேண்ட் தீபாவளிக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறினால், அந்த வாரமே போன் பண்ணுங்கள்.

நம் ஊரில் பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு கணக்குத் தப்புகிறது. சடங்கு வைத்து, சொந்தமெல்லாம் வந்து போன பிறகு, "இனி பிள்ளை முகம் லட்சணமா இருக்கணும்" என்று கூட்டி வருகிறார்கள். வயதுக்கு வருவது வளர்ச்சி உச்சத்துக்குப் பிறகு, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து நடப்பது. அதாவது சடங்குப் பத்திரிகை அடிக்கும் நேரத்தில் தாடையின் நல்ல காலம் பாதிக்கு மேல் போயிருக்கும். பெண் பிள்ளை என்றால் ஐந்தாம் வகுப்பு முடிகிற லீவிலேயே ஒரு முறை காட்டிவிடுங்கள். பையன்களுக்கு முளைமீசை அரும்புகிற காலம் சரியாக இருக்கும். ஷேவ் பண்ண ஆரம்பித்தவனைக் கூட்டி வந்தால் தாமதம்.

சந்தேகம் இருந்தால் பக்கவாட்டு எக்ஸ்ரேயில், நாங்கள் 'செஃப்' என்று சொல்வது, கழுத்து எலும்புகளின் வடிவத்தைப் பார்த்து எவ்வளவு வளர்ச்சி மிச்சம் என்று டாக்டர் கணிப்பார். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு.

7. கிளிப்புக்கு முன்னால் முடிக்க வேண்டியவை, இதே வரிசையில்

முதலில் மூக்கு. வாயால் மூச்சு விடுகிற பிள்ளையை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அடினாய்டு சதை வளர்ந்து மூக்கை அடைத்திருந்தால், நாம் விரித்ததும் இழுத்ததும் திரும்பப் பழையபடி போகும்.

அடுத்து சொத்தைகளை அடைத்துப் பல்லைச் சுத்தம் செய்வது. பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டுகிற சின்னத் துண்டு) ஒட்டிய பிறகு சொத்தை அடைக்கப் போனால் ஒட்டியதைக் கழற்ற வேண்டி வரும். துலக்கத் தெரியாத பிள்ளைக்குக் கிளிப் போடவே கூடாது என்பது என் கட்சி. ஒரு மாதம் துலக்கிக் காட்டட்டும், அப்புறம் போடலாம்.

பிறகு எக்ஸ்ரே இரண்டு: எல்லாப் பல்லும் தாடையும் ஒரே படத்தில் தெரிகிற ஓ.பி.ஜி.யும், செஃபும். அப்புறம் அளவு எடுப்பது, புகைப்படம். இவை இல்லாமல் "நாளைக்கே ஒட்டிரலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, பல் எடுப்பதா வேண்டாமா. நெரிசலோ தூக்கலோ அதிகம் என்றால் முன்கடைவாய்ப்பற்கள் நாலை எடுக்கச் சொல்வார்கள். "நல்ல பல்லை எதுக்கு எடுக்கணும்?" என்று கேளுங்கள், எத்தனை மில்லிமீட்டர் இடம் வேண்டும் என்று கணக்குச் சொல்ல வேண்டியது டாக்டர் பொறுப்பு. "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு பாதிக்கும்" என்ற பயத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

பணம் பேசும்போது மொத்தத் தொகையைக் கேட்டால் போதாது. எக்ஸ்ரே, பல் எடுப்பது, உடைந்த பிராக்கெட் திரும்ப ஒட்டுவது, கடைசியில் பல் திரும்ப நகராமல் பிடிக்கத் தரும் பிளேட்டான ரிடெய்னர் எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மாதத் தவணை பெரும்பாலான இடங்களில் உண்டு. உலோகக் கிளிப்தான் விலை குறைவு, பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

8. பரீட்சை, பஸ், ஹாஸ்டல்

சாதாரணக் கிளிப்புக்கு 18 முதல் 24 மாதம் ஆகும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும். ஏழாவது முழுப் பரீட்சை லீவில் ஆரம்பித்தால் பத்தாவது தொடங்கும்போது கிளிப் இருக்காது. "பத்தாவது முடியட்டும்" என்கிறவர்கள் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று யோசிப்பதில்லை. பிள்ளை நாமக்கல் பக்கம் ஹாஸ்டலுக்குப் போய்விடும். அங்கே வெளியே விடுவது மாதம் ஒரு முறையோ அதுவும் இல்லையோ. கம்பி மாற்றாமல் 4 மாதம் கிடக்கிற கிளிப் வீண். ஹாஸ்டல் உறுதி என்றால் அதற்கு முன் முடித்துவிடுங்கள், முடியாவிட்டால் திரும்பி வந்த பிறகு போடுங்கள். தாடை வளர்ச்சிக் கோளாறாக இருந்தால் மட்டும் இந்த இரண்டாவது வழி கிடையாது.

திசையன்விளை, களக்காடு பக்கமிருந்து வருகிறவர்கள் ஒரு சந்திப்புக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். புதிய கம்பி மாற்றிய அன்றும் மறுநாளும் பல் வலிக்கும். சனிக்கிழமை வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை இட்லி, குழைந்த சோறு, பதநீரோடு போய்விடும். கடையநல்லூர், மேலப்பாளையம் வீடுகளில் அப்பா வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று ஒரு வருஷம் கடத்துவதும் நடக்கிறது. எக்ஸ்ரேயை வாட்ஸப்பில் அனுப்பி, டாக்டரோடு 10 நிமிஷம் பேச வைத்தால் அந்த வருஷம் மிச்சம்.

9. ஆரம்பித்த பிறகு தேதி தள்ளிப்போவது எதனால்

பொங்கலுக்கு அடுத்த வாரம் எங்களுக்குக் கூட்டம் தாங்காது. கரும்பைப் பல்லால் கிழித்து, பிராக்கெட்டும் கையுமாக வருவார்கள். கடலை மிட்டாய், முறுக்கு, கொய்யாக்காய், எலும்பு எல்லாம் இதே ரகம். அல்வா நழுவிப் போய்விடும், உடைக்காது. ஆனால் ஒட்டிய இனிப்பை ராத்திரி துலக்காமல் படுத்தால் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழும், கிளிப் எடுத்த பிறகும் போகாது. கரும்பை வெட்டித் துண்டாக்கி ஜூஸ் பிழிந்து கொடுங்கள். ஒரு பிராக்கெட் விழுந்து அடுத்த சந்திப்பு வரை சும்மா இருந்தால் அந்தப் பல் ஒரு மாதம் பின்னுக்குப் போகும். விழுந்த அன்றே போன் பண்ணுங்கள்.

ட்வின் பிளாக்கில் கஷ்டம் வேறு. சாப்பிடும்போதுகூட மாட்டியிருக்க வேண்டிய கருவி அது, 9 முதல் 12 மாதம் வரை. முதல் வாரம் பேச்சு குழறும், எச்சில் வழியும். அதனால் லீவின் முதல் நாளில் ஆரம்பியுங்கள். பள்ளி திறந்த பிறகு கொடுத்தால் சட்டைப் பையில்தான் வாழும். ஒழுங்காக மாட்டும் பிள்ளையின் பிளேட்டில் எச்சில் படிந்து பளபளப்பு மங்கியிருக்கும். புதுசு மாதிரி மின்னுகிற பிளேட்டைக் கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிடும். "ஏலே, உண்மையைச் சொல்லு" என்றால் சிரித்துவிடுவான்.

10. எடுத்த பிறகு

கிளிப் எடுத்த அன்றே ரிடெய்னர் மாட்ட வேண்டும். பல்லைப் பிடித்திருக்கிற நார்கள் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். எலும்பு கெட்டிப்பட நாள் ஆகும். முதலில் பகலும் இரவும், பிறகு ராத்திரி மட்டும், அதுவும் வருஷக்கணக்கில். வளர்ச்சி மிச்சம் இருக்கிற பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். பல் திரும்பக் கோணியதும் ஞானப்பல் தள்ளியது என்று பழி போடுவார்கள். பிளேட் எங்கே என்று கேட்டால் பதில் வராது.

பிளேட் அதிகம் தொலைவது கல்யாண வீட்டில். சாப்பிட உட்கார்ந்ததும் கழற்றி இலை ஓரத்தில் வைப்பார்கள். பாயசம் குடித்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு மண்டபத்தின் பின்பக்கம் எச்சில் இலைக் குவியலில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து தேடிய கதை ஒன்று எங்களிடம் உண்டு. கிடைத்தது, ஆனால் மாடு மிதித்திருந்தது. புதிதாக அளவு எடுத்துச் செய்து வர ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் பல் நகர ஆரம்பித்துவிடும். டப்பா இல்லாமல் வெளியே கழற்றாதே என்று சொல்லிவிடுங்கள். பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் பிளேட் வளைந்துவிடும்.